பிலி பொம்பா பொருத்த ஒப்பந்தம் போடுவதற்கு முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், செந்தூலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் பொருளாளராக இருக்கிறேன். அதற்கு முன் பல வருடங்கள் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையில் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். அதனால் இரண்டு பக்கத்துக் கேள்வியும் என்னிடம் வருகிறது. நிர்வாகக் குழுக்காரர்கள் "எவ்வளவு கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம்" என்று கேட்கிறார்கள். சிறு குத்தகையாளர்கள் "வேலையை முடித்துவிட்டேன், பணம் வரவில்லை" என்கிறார்கள். தீயணைப்புக்குத் தண்ணீர் எடுக்கும் பிலி பொம்பாவைப் பொருத்துவது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. பெரிய தொகை என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

பிலி பொம்பா என்று எதைச் சொல்கிறீர்கள்? மாடிகளில் இருக்கும் ஹோஸ் ரீலும் அதில் சேருமா?

சேராது. ஹோஸ் ரீல் நாமே இழுத்துப் பயன்படுத்தும் சின்னக் குழாய். பிலி பொம்பா என்பது கட்டடத்துக்கு வெளியே தரையில் நிற்கும் இரும்புத் தூண். அதில் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் அளவுள்ள இரண்டு வாய்கள் இருக்கும். தீயணைப்பு வண்டி சுமந்து வரும் தண்ணீர் பெரிய தீயில் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். அது தீர்வதற்குள் வீரர்கள் இந்தத் தூணிலிருந்து வண்டிக்குத் தண்ணீர் எடுத்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தூண் மொத்த வேலையில் சிறிய பங்குதான். மண்ணுக்கு அடியில் ஓடும் குழாய், அதை மூடித் திறக்கும் வால்வு, அந்த வால்வின் மூடி ஆகிய எல்லாம் சேர்ந்துதான் பிலி பொம்பா. ஒப்பந்தத் தகராறு பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் இருப்பதில்தான் முளைக்கிறது.

எங்கள் கட்டடத்துக்கு எத்தனை வேண்டும்? எங்கே நிறுத்த வேண்டும்?

1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களில் 225ஆவது விதி இதைச் சொல்கிறது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் குறைந்தது ஒரு பிலி பொம்பா வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து நிற்கக்கூடிய மிக அருகிலுள்ள இடத்திலிருந்து அது 91.5 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. கட்டடத்தின் அளவையும் வண்டி நுழையும் வழியையும் பார்த்து, இன்னும் வேண்டும் என்று பொம்பா, அதாவது தீயணைப்புத் துறை, சொல்லலாம்.

குத்தகையாளரோ நிர்வாகக் குழுவோ தாங்களாக இடத்தை முடிவு செய்யக் கூடாது. பொம்பா ஒப்புக்கொண்ட வரைபடத்தில் இருக்கும் இடமே இடம். அந்த வரைபடத்தின் எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதி, ஒரு பிரதியைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். "கார் நிறுத்த இடைஞ்சலாக இருக்கிறது, இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள்" என்று யாராவது கேட்டால், அது மறுபடி பொம்பாவிடம் போக வேண்டிய விஷயம்.

சாலையோரத்தில் நிற்பது யாருடையது? வளாகத்துக்குள் நிற்பதற்கு யார் பணம் கட்டுவது?

வேறு எதற்கும் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது. பொதுச் சாலையில், தண்ணீர் நிறுவனத்தின் குழாயில் நிற்பது பொதுப் பிலி பொம்பா. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் அந்தக் குழாய் ஆயிர் சிலாங்கூர் நிறுவனத்தின் பொறுப்பு, பினாங்கில் பினாங்கு நீர் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. அது உடைந்திருந்தாலோ தண்ணீர் வராவிட்டாலோ புகார் கொடுங்கள். உங்கள் பணத்தில் பழுது பார்க்கப் போகாதீர்கள்.

வளாகத்தின் உள்ளே, உங்கள் பெரிய தண்ணீர் மீட்டருக்குப் பிறகு வரும் குழாயில் நிற்பது தனியார் பிலி பொம்பா. அடுக்குமாடி என்றால் அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவான சொத்து. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அதைப் பராமரிப்பது ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பின் அல்லது நிர்வாகக் கழகத்தின் கடமை. தொழிற்சாலை, கடைவரிசை, கல்யாண மண்டபம் என்றால் உரிமையாளருடைய செலவு.

எல்லை சில இடங்களில் குழப்பமாக இருக்கும். சாலை வளாகத்துக்குள் ஓடினாலும் அது மாநகர் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்ட சாலையாக இருக்கலாம். அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் தண்ணீர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, "இந்தக் குழாய் உங்கள் பொறுப்பில் உள்ளதா" என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. அந்தக் கடிதம் இல்லாமல் கொட்டேஷன் கேட்டால், அடுத்தவர் குழாயைப் பழுது பார்க்க உங்கள் குடியிருப்பாளர்களின் பணம் போகும்.

புதிய வீடமைப்புத் திட்டத்தில் யார் செலவு?

மேம்பாட்டு நிறுவனத்தின் செலவு. வெளிக் குழாய், வால்வு, பிலி பொம்பா எல்லாவற்றையும் ஒப்புதல் பெற்ற வரைபடப்படி போட்டு, சோதனை காட்டி, பொதுக் குழாய்ப் பகுதியைத் தண்ணீர் நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிசிசி எனப்படும் நிறைவுச் சான்றிதழ் கிடைக்க ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜி பாரத்தில் கையெழுத்து வேண்டும். தீயணைப்புக் கருவிகளுக்கு ஜி9, வெளி நீர் விநியோகத்துக்கு ஜி13. பாரத்தில் குத்தகையாளரும் அதற்குப் பொறுப்பான நிபுணரும் பெயர் போட்டுக் கையெழுத்திடுவார்கள். பின்னால் குறை தெரிந்தால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்தப் பாரம்தான் முதல் ஆதாரம்.

சாவி வாங்கிய பிறகு 24 மாதக் குறைதீர்ப்புக் காலம் உண்டு. பல குடியிருப்புகளில் இந்தக் காலம் முழுக்கச் சுவர் விரிசலையும் ஒழுகும் கூரையையும் மட்டும்தான் புகார் செய்கிறார்கள். பிலி பொம்பாவை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. 24 மாதம் முடிவதற்குள் திறந்து பாருங்கள். குறை இருந்தும் மேம்பாட்டு நிறுவனம் சரிசெய்யவில்லை என்றால், அது கட்டட ஆணையரிடம் கட்டி வைத்திருக்கும் குறைதீர்ப்பு வைப்புத் தொகையிலிருந்து செலவழிக்க ஆணையரிடம் கேட்கலாம். கோலாலம்பூரில் அந்த அலுவலகம் மாநகர் மன்றத்தில் இருக்கிறது.

பழைய அடுக்குமாடியில் மாற்ற வேண்டும் என்றால் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது?

எண்ணெய் போடுவது, சாயம் அடிப்பது, மூடி மாற்றுவது போன்ற வழக்கமான வேலைக்குப் பராமரிப்புக் கணக்கு. தூணையோ குழாயையோ முழுதாக மாற்றினால் சிங்கிங் ஃபண்ட். பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காடாக வசூலிக்கும் அந்த நிதி இந்த மாதிரி மாற்று வேலைக்குத்தான் இருக்கிறது. குழுக் கூட்டத்தின் தீர்மானத்தில் எந்தக் கணக்கு என்று தெளிவாக எழுதுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி வரும், கட்டாயம் வரும்.

எந்தக் குத்தகையாளரைக் கூப்பிடலாம்?

சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு இருக்க வேண்டும். தீத்தடுப்பு வேலைக்கான பிரிவு எம்02. பதிவு இன்னும் செல்லுமா, உங்கள் வேலையின் தொகைக்கு அந்தத் தரநிலை போதுமா என்று பாருங்கள். பொம்பாவிடம் பதிவு செய்தவராக இருப்பது நல்லது. தண்ணீர் நிறுவனத்தின் குழாயோடு இணைக்கும் வேலை என்றால் ஸ்பான் எனப்படும் தேசிய நீர் சேவை ஆணையத்தின் பெர்மிட்டும் வேண்டும். "என் மச்சானிடம் பெர்மிட் இருக்கிறது" என்றால், ஒப்பந்தத்தில் மச்சானின் நிறுவனப் பெயரும் வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுத வேண்டும்?

எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொன்னால் இது புரியும். பழைய தூண் துருப்பிடித்திருந்ததால் இரண்டு பிலி பொம்பா மாற்ற ஒரு குத்தகையாளருக்கு வேலை கொடுத்தோம். கொட்டேஷன் ஒரே பக்கம். "பிலி பொம்பா இரண்டு, பொருத்துக் கூலியுடன்" என்று ஒரு வரி, கீழே தொகை. தூண்கள் வந்தன, பளபளவென்று சிவப்புச் சாயத்தோடு நின்றன. முழுத் தொகையும் கொடுத்துவிட்டோம். ஆறு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்த பொம்பா அதிகாரி ஒன்றைத் திறந்தார். செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது, அதோடு நின்றுவிட்டது. தேடிப் பார்த்ததில், தரைக்கு அடியில் இருந்த வால்வு பாதிதான் திறந்திருந்தது. அதன் மூடிக்கு மேல் எப்போதோ தார் போட்டு மூடியிருந்தார்கள். குத்தகையாளருக்குப் போன் அடித்தோம். "அண்ணே, வால்வு கொட்டேஷன்லயே இல்லையே. தூண் மாத்தித் தரச் சொன்னீங்க, மாத்தித் தந்தேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். நாங்கள்தான் எழுதவில்லை. நானூறு குடும்பங்கள் ஆறு மாதம் தண்ணீர் வராத தூணை நம்பித் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் எழுதும் ஒப்பந்தத்தில் வேலையின் விவரமே முதல் இரண்டு பக்கம் வரும். தூண் எம்எஸ் 1395 என்ற மலேசியத் தரத்துக்கு ஏற்றதாகவும் பொம்பாவின் பொருள் ஒப்புதல் உள்ளதாகவும் இருக்க வேண்டும். குழாயின் விட்டம், பொருள், நீளம், பதிக்கும் ஆழம் எல்லாம் எண்ணோடு வர வேண்டும். பிலி பொம்பாவுக்குப் போகும் குழாய்க்கு 150 மில்லிமீட்டர் வழக்கம். ஒவ்வொரு தூணுக்கும் தனி வால்வு, அதன் பெட்டி, மூடி, மூடியைச் சாலை மட்டத்துக்கு உயர்த்தும் வேலை என்று தனித்தனியாக எழுதுகிறோம். பழைய தூணை எடுத்துப் போவது யார், தோண்டிய இடத்தை மூடித் தார் போடுவது யார் என்பதும் வரும். பொதுச் சாலையைத் தோண்டினால் மாநகர் மன்ற அனுமதிக்கும் வைப்புத் தொகைக்கும் யார் பொறுப்பு என்பதை விட்டுவிடாதீர்கள். மறந்துபோய்ப் பிறகு அடித்துக்கொள்ளும் இடம் அது.

சோதனை அடுத்தது. குழாயை மண் போட்டு மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை, எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை மணி நேரம் என்று பொறியாளர் கொடுக்கும் எண். எல்லாம் முடிந்தபின் இரண்டு வாயையும் திறந்து நீரோட்டச் சோதனை, அதையும் எண்ணில். "நல்ல அழுத்தம் இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. சோதனைத் தேதியை மூன்று நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் உடன் நிற்க வேண்டும்.

கடைசியாக, முடித்த நிலையின் வரைபடம். ஒவ்வொரு வால்வும் எந்தச் சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளவு குறித்தது. அது கைக்கு வராமல் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்று ஒரு வரி போதும்.

பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

தூண் நிற்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள், தண்ணீர் வருவதற்குக் கொடுங்கள் என்பது என் கொள்கை. நாங்கள் இப்போது இப்படிச் செய்கிறோம்: கையெழுத்தின்போது 10 விழுக்காடு, குழாய் பதித்து அழுத்தச் சோதனையில் தேறியதும் 30, தூணும் வால்வும் நின்றதும் 30, நீரோட்டச் சோதனையில் தேறி வரைபடம் கைக்கு வந்ததும் 25. மிச்சம் 5 விழுக்காடு நிறுத்தி வைப்புத் தொகை, 12 மாதக் குறைதீர்ப்புக் காலம் முடிந்ததும் கொடுப்போம். இது சட்டம் இல்லை, எங்கள் வேலையின் அளவுக்குப் பொருந்திய கணக்கு. பெரிய வேலைகளுக்குப் பயன்படும் மாதிரி ஒப்பந்தங்களில் வழக்கம் வேறு. அங்கே மாதாந்திரச் சான்றிதழ்படி பணம் போகும், நிறுத்தி வைத்த தொகையில் பாதி வேலை முடிந்ததும் மீதி குறைதீர்ப்புக் காலம் முடிந்ததும் விடுவிக்கப்படும்.

குத்தகையாளர் பக்கமும் பார்க்க வேண்டும். தூணையும் குழாயையும் அவர் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். கடைசிக் கட்டத்தில் பாதித் தொகையை வைத்துக்கொண்டால், நல்லவர் வரமாட்டார், வருகிறவர் விலையை ஏற்றிச் சொல்வார்.

50 விழுக்காடு முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம். பொருள் வாங்கக் காசு இல்லை என்றால், பொருள் வளாகத்துக்குள் வந்து இறங்கியதும் அதன் விலையைக் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள்.

தோண்டும்போது பாறையோ மின்கம்பியோ வந்தால் கூடுதல் செலவு யாருக்கு?

ஒப்பந்தம் சொல்வதுதான் முடிவு. அதனால் முன்கூட்டியே ஒரு விலைப் பட்டியல் கேளுங்கள்: பாறை உடைக்க ஒரு மீட்டருக்கு எவ்வளவு, குழாயைத் திருப்பிப் போட எவ்வளவு என்று. கூடுதல் வேலை எதுவும் எழுத்து உத்தரவு இல்லாமல் தொடங்கக் கூடாது என்றும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் படமும் தொகையும் அனுப்பி, பொருளாளர் "சரி" என்று பதில் எழுதினால் அதை எழுத்து உத்தரவாக எடுத்துக்கொள்வதாக எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி வைத்திருக்கிறோம். சைட்டில் நிற்பவருக்கு அது பெரிய உதவி.

வேலை தாமதமானால்?

ஒரு நாளுக்கு இவ்வளவு என்று தாமத இழப்பீட்டுத் தொகையை எழுதலாம். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆவது பிரிவின் கீழ் நியாயமான தொகைதான் கிடைக்கும், பயமுறுத்தும் தொகை எழுதிப் பயனில்லை. பழைய தூணை மூடியபின் புதியது வேலை செய்யாத நாட்களில் என்ன ஏற்பாடு என்பது இதைவிட முக்கியம். எல்லாத் தூண்களையும் ஒரே நேரத்தில் மூடக் கூடாது, மூடும் தேதியைப் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள்.

வரி, முத்திரை எல்லாம் உண்டா?

2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி வந்திருக்கிறது. 12 மாதத்தில் 15 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் வருமானம் உள்ள குத்தகையாளர்தான் அதை வசூலிப்பார். குடியிருப்புக் கட்டுமானத்துக்கு விலக்கு இருப்பதால், உங்கள் வேலை எதில் அடங்கும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். "விலை வரி உட்பட" என்றா "வரி தனி" என்றா என்பதும் அதில் வர வேண்டும். ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டி முத்திரை வைத்துவிடுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்டப் போனால் சிக்கல்.

நான் சப் கான்ட்ராக்டர். "மெயின் ஆளிடமிருந்து பணம் வந்ததும் தருகிறேன்" என்கிறார்கள். காத்திருப்பதைத் தவிர வழி இல்லையா?

இருக்கிறது. நம் பையன்கள் பலருக்கு இது தெரியாமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம். சிபா என்று அழைக்கப்படும் 2012ஆம் ஆண்டின் கட்டுமானத் துறை பணம்செலுத்தல், தீர்ப்பளிப்புச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. "எனக்கு வந்தால்தான் உனக்கு" என்ற நிபந்தனை அதன் 35ஆவது பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தத்தில் நீங்களே கையெழுத்திட்டிருந்தாலும் செல்லாது.

வழி இதுதான். தொகை, எந்த வேலைக்கு, ஒப்பந்தத்தின் எந்த வரிப்படி என்று எழுதி ஒரு பணக் கோரிக்கை அனுப்புங்கள். எதிர்த் தரப்பு 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் முழுக் கோரிக்கையையும் மறுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு தீர்ப்பளிப்புக்குப் போகலாம். கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் தீர்ப்பாளரை நியமிக்கும். வாதங்கள் எழுத்தில் போய்ச் சேர்ந்தபின் 45 வேலை நாளுக்குள் முடிவு வரும். வருடக் கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது வேகம். கட்டணம் உண்டு, அதனால் மிகச் சிறிய தொகைக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் பணம் தரும் தேதியே இல்லை என்றாலும் கவலை இல்லை. இன்வாய்ஸ் கிடைத்த 30 நாளில் பணம் தர வேண்டும் என்று இந்தச் சட்டமே நிரப்பிக் கொடுக்கிறது.

எழுத்து இல்லை, வாய்ப்பேச்சில் வேலை செய்தேன். அப்போது?

சிபா எழுத்து ஒப்பந்தத்துக்கு மட்டும்தான். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் சாதாரண நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டதானால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். வழக்குப் போட ஆறு வருட அவகாசம் உண்டு. மெசேஜ், படம், பொருள் வாங்கிய ரசீது எதையும் அழித்துவிடாதீர்கள்.

நாங்கள் நிர்வாகக் கழகம், வீட்டுக்காரர்கள் மாதிரிதானே? சிபா எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும். நான்கு மாடிக்குக் குறைவான, தானே குடியிருக்கும் வீட்டைக் கட்டும் தனி மனிதருக்குத்தான் விலக்கு. ஜேஎம்பியும் நிர்வாகக் கழகமும் சட்டப்படி ஓர் அமைப்பு. குத்தகையாளரிடமிருந்து பணக் கோரிக்கை வந்தால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று கோப்பில் செருகி வைக்காதீர்கள். எந்தத் தொகையை ஏற்கிறீர்கள், எதை ஏன் மறுக்கிறீர்கள் என்று 10 வேலை நாளுக்குள் எழுதி அனுப்புங்கள்.

பொருத்தியபின் பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம் தேவையா?

தேவை. விடுதி, மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற நியமிக்கப்பட்ட கட்டடங்களுக்கு 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி ஆண்டுதோறும் தீயணைப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், பிலி பொம்பா வேலை செய்யாவிட்டால் அது சிக்கலாகும். மற்றக் கட்டடங்களுக்கும், சட்டப்படி இருக்க வேண்டிய தீயணைப்பு வசதி இல்லை என்றால் 8ஆவது பிரிவின் கீழ் நோட்டீஸ் வரலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் "வருடத்துக்கு நான்கு முறை வருகை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு வருகையிலும் வால்வை முழுதாக மூடித் திறந்து, இரண்டு வாயிலும் தண்ணீர் விட்டு, தேதியோடு படம் அனுப்பினால்தான் அந்தக் காலாண்டுப் பணம் என்று எழுதுங்கள்.

லோரி இடித்துத் தூண் சாய்ந்துவிட்டது. செலவை யார் ஏற்பது?

உடனே போலீஸ் புகார், வண்டி எண், சிசிடிவிப் பதிவு. லோரியின் காப்புறுதியிடம் கேட்கலாம். பணம் வரும்வரை காத்திருக்காமல் முதலில் தூணைச் சரிசெய்து, ரசீதை வைத்துக் கேளுங்கள்.

தூணுக்கு முன்னால் கார் நிறுத்துகிறார்கள், பூச்சட்டி வைக்கிறார்கள்.

பிலி பொம்பாவை மறைப்பது குற்றம். உள் வளாகத்தில் வீட்டு விதியாகவும் எழுதி, தரையில் மஞ்சள் கோடு போடுங்கள். பூச்சட்டி வைத்த பாட்டியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எங்கள் பிளாக்கில் ஒரு பாட்டி துளசிச் செடியை அங்கேதான் வைத்திருந்தார். "பாட்டி, தீப்பிடித்தால் இங்கேதான் தண்ணீர் எடுப்பார்கள்" என்று சொன்னதும் அவரே நகர்த்திவிட்டார், இப்போது கார் நிறுத்துகிறவர்களை அவர்தான் விரட்டுகிறார்.

வால்வு திறக்கும் சாவியும் வரைபடமும் யாரிடம் இருக்க வேண்டும்?

ஒரு செட் நிர்வாக அலுவலகத்தில், ஒரு செட் காவலாளி இருக்கும் கார்டு அறையில். அலுவலகம் இரவில் பூட்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் இரவுக் கார்டு நேபாளத்துக்காரர். வரைபடத்தைச் சுவரில் ஒட்டிய அன்று, அவரோடு வளாகத்தைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு மூடியையும் அவர் கையாலேயே திறக்க வைத்தேன். புதிய கார்டு வேலைக்குச் சேர்ந்தால் முதல் இரவே அவர் அப்படிச் சுற்றிக் காட்டிவிடுகிறார்.